சாம்சங் ஏ55-ஆ, ரெட்மி நோட் 13 ப்ரோவா? டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வகுப்பு முடிந்து பெற்றோர் அழைத்துப்போக வரும்போது, ழகரம் பற்றிக் கேட்பவர் ஒருவர் என்றால் போன் பற்றிக் கேட்பவர் ஐந்து பேர். காரணம் வேறொன்றுமில்லை, எங்கள் வீட்டில் இரண்டு போனும் இருக்கின்றன. என் கையில் சாம்சங் கேலக்ஸி ஏ55. மகன் கையில் ரெட்மி நோட் 13 ப்ரோ 5ஜி. இரண்டும் 2024-இன் முதல் மாதங்களில் இங்கே பேச்சுக்கு வந்தவை. இப்போது விலை இறங்கியிருப்பதால் மறுபடியும் பலர் இவற்றைத் தேடுகிறார்கள். நான் போன் விற்பவள் இல்லை, எனக்கு யாரும் இலவசமாகத் தரவும் இல்லை. இரண்டையும் கோயில், கல்யாணம், கடற்கரை என்று தூக்கிக்கொண்டு அலைந்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரெட்மியில் 200 மெகாபிக்சல், சாம்சங்கில் 50. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, டீச்சர்?

யோசிக்க நிறைய இருக்கிறது. போனைக் கையில் எடுத்து அப்படியே ஒரு படம் தட்டினால், இரண்டு போனும் ஏறக்குறைய 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. நம்பமாட்டீர்கள். எடுத்த படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள், அங்கேயே எழுதியிருக்கும்.

ஏன் அப்படி என்றால், கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சில்லு ஒன்று இருக்கிறது. அதில் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் குட்டிக் குட்டிப் புள்ளிகள். முற்றத்தில் கிண்ணங்களைப் பரப்பி மழை பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரெட்மியில் கிண்ணங்கள் அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சிறியது: 0.56 மைக்ரோமீட்டர். ஒரு கிண்ணத்தில் விழும் மழை நாக்கை நனைக்கக்கூடப் போதாது. அதனால் 16 கிண்ணத் தண்ணீரை ஒரே குடத்தில் ஊற்றி ஒரு புள்ளியாக்குகிறது போன். ஏ55-இல் கிண்ணங்கள் குறைவு, ஒவ்வொன்றும் 1 மைக்ரோமீட்டர். அது நான்கை ஒன்றாக்குகிறது. 200-ஐ 16-ஆல் வகுத்தாலும் 50-ஐ நான்கால் வகுத்தாலும் வருவது 12.5. சேர்த்தபின் குடத்தின் அகலம் ரெட்மியில் 2.24 மைக்ரோமீட்டர், ஏ55-இல் 2. ரெட்மியின் சில்லு கொஞ்சம் பெரியது என்பதும் உண்மைதான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் நான்கு மடங்கு வித்தியாசம் படத்தில் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. ரெட்மிக்குள் இருக்கும் அந்த 200 மெகாபிக்சல் சில்லைச் செய்ததே சாம்சங்தான்.

அப்போது 200 மெகாபிக்சல் வெறும் ஏமாற்றா?

அப்படியும் சொல்லமாட்டேன். நல்ல வெயிலில் அது பயன்படும். இரண்டு போனிலும் தூரத்தை இழுக்கும் தனி ஜூம் லென்ஸ் இல்லை. பெரிய படத்தின் நடுப்பகுதியை வெட்டித்தான் கிட்டே காட்டுகின்றன. வெட்டுவதற்கு ரெட்மியிடம் சரக்கு அதிகம். தைப்பூசத்தன்று அம்கேனி சாலைக் கோயிலில் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். பகல் வெளிச்சத்தில் நான்கு மடங்கு இழுத்து மகன் எடுத்த காவடிப் படத்தில் மயிலிறகின் கண்கூடத் தெளிவாக இருந்தது. அந்த இடத்தில் என் போன் தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

முழு 200 மெகாபிக்சலில் எடுக்க ஆசைப்பட்டால் கேமராவில் அதற்கென்று இருக்கும் பொத்தானைத் தட்ட வேண்டும். ஒரு படமே எக்கச்சக்க இடம் பிடிக்கும். அதை வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நசுக்கிச் சின்னதாக்கிவிடும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் சுருங்கத்தான் செய்யும். அப்படியே போய்ச் சேர வேண்டுமானால் ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஆனால் டேட்டா செலவு உங்கள் தலையில். இந்த நாட்டில் டேட்டா விலைக்கு எதிராக 2016-இல் மக்கள் ஒரு இயக்கமே நடத்தினார்கள். போட்டி ஆணையம் விசாரித்து 2019-இல் அறிக்கை கொடுத்த பிறகுதான், 2020 ஏப்ரலில் பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைத்தன. குறைந்த பிறகும் சித்தப்பாவின் 200 மெகாபிக்சல் சாம்பாரைத் தரவிறக்க யாருக்கும் மனம் வராது.

கோயிலுக்குள் இருட்டில் எது நன்றாக எடுக்கும்?

இங்கேதான் போன் வாங்குபவர்களில் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இருட்டில் போன் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கை நடுங்கினால் படம் கலங்கும். இதற்காகத்தான் இரண்டிலும் ஓஐஎஸ் என்ற வசதி வைத்திருக்கிறார்கள். கை ஆடும்போது லென்ஸ் எதிர்ப்பக்கம் அசைந்து ஈடுகட்டும். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான் மருந்து. எதிரே ஆடுகிறவர் காவடியோடு சுழன்றால் அதை எந்த ஓஐஎஸ்ஸும் நிறுத்தாது. நைட் மோட் போட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் அது பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. அசையாத மூலவருக்கு அற்புதமாக வரும். ஆடுகிறவருக்கு நான்கு கை முளைக்கும்.

இந்தக் கோளாறு இரண்டு போனுக்கும் பொது. தீமிதியை மாலை வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் நைட் மோடை அணைத்துவிட்டு, டியூப் லைட் விழும் பக்கமாக நில்லுங்கள். பொத்தானை ஒருமுறை அமுக்கிவிட்டுத் திருப்திப்படாமல் பத்து முறை அமுக்குங்கள், ஒன்றாவது தேறும்.

கற்பூர ஆரத்திக்கு வேறு வித்தை. சுடர் வெள்ளையாகப் பொங்கி, அம்மன் முகம் கறுத்துப்போகும் படங்களை நாம் எல்லோரும் வைத்திருக்கிறோம். ஸ்கிரீனில் சுடரின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். சுடரும் அதைச் சுற்றிய பித்தளையும் அடங்கி வரும். முகம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பரவாயில்லை, பிறகு தேற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போன சுடரை மட்டும் மீட்கவே முடியாது.

நிறத்தைக் கேட்டால், அசையாத பொருளில் இருவர் படமும் கிட்டத்தட்ட சமம். எனக்கு ஏ55-இன் மஞ்சள் பிடிக்கிறது. மகனுக்கு அவனுடையதுதான் உசத்தி. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

குடும்பப் படத்தில் எல்லோரும் அடங்க வேண்டுமே?

அதற்கு அகலக் கோண லென்ஸ் வேண்டும். ஏ55-இல் 12 மெகாபிக்சல், ரெட்மியில் 8. இங்கே ஏ55 தெளிவாக முன்னால் நிற்கிறது. கோபுரத்தையும் அடியில் நிற்கும் கூட்டத்தையும் ஒன்றாகப் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் எந்த அகலக் கோணத்திலும் ஓரத்தில் நிற்பவர் அகலமாகிவிடுவார். அத்தையை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், அடுத்த பூசை வரைக்கும் பேசமாட்டார்.

மிகக் கிட்டே வைத்து எடுக்க மேக்ரோ லென்ஸ் என்று இரண்டிலும் ஒன்று உண்டு. எண்ணிக்கைக்கு வைத்தது. மறந்துவிடுங்கள்.

செல்ஃபி, வீடியோ கால்?

முன்கேமரா ஏ55-இல் 32 மெகாபிக்சல், ரெட்மியில் 16. ஏ55-இன் முன்கேமரா 4கே வீடியோவும் எடுக்கும், ரெட்மியினுடையது எடுக்காது. கேப் டவுனில் இருக்கும் பேத்தியோடு பேசுவதற்கு இரண்டும் போதும். அங்கே படம் கெட்டுப்போவது பெரும்பாலும் நெட்வொர்க்கால்தான்.

எது வேகம்? விளையாட்டுப் பிள்ளை இருக்கிறான்.

ஏ55-இன் சிப் எக்ஸினாஸ் 1480. ரெட்மியில் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பெரிய மூளைகள் ஒரே வகை, கார்டெக்ஸ் ஏ78, நான்கு நான்கு. ஏ55-இல் அவை 2.75 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், ரெட்மியில் 2.4 வரை. வாட்ஸ்அப், வங்கி ஆப், யூடியூப் இவற்றில் இந்த வித்தியாசத்தை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. படம் வரையும் பகுதி மட்டும் ஏ55-இல் பலமானது. கனமான விளையாட்டுகளை மணிக்கணக்கில் ஆடுகிறவனுக்கு அது தெரியும். ஸ்கிரீன் இரண்டிலுமே 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் என்பதால் விரலுக்கு வழவழவென்று ஓடும். ரெட்மியின் ஸ்கிரீன் கொஞ்சம் கூர்மையானது.

மூன்று வருஷம் கழித்து ஹேங் ஆகுமா என்று கேட்பவர்களிடம் நான் வேறொன்றைக் கேட்பேன்: மூன்று வருஷம் கழித்து அதற்குப் புது மென்பொருள் வருமா? ஏ55 ஆண்ட்ராய்டு 14-ஓடு வந்தது. நான்கு பெரிய மேம்படுத்தல்களும் ஐந்து வருஷப் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாகச் சாம்சங் சொல்லியிருக்கிறது. ரெட்மி ஆண்ட்ராய்டு 13-ஓடு வந்தது, அதன் வாக்குறுதிக் காலமும் இதைவிடக் குறைவு. போனில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் மெகாபிக்சலைவிட இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ரெட்மியில் கூடவே வரும் ஆப்களில் விளம்பரம் எட்டிப் பார்க்கும். செட்டிங்ஸில் ஒவ்வொன்றாக அணைக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும்.

லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தால் எது தாங்கும்?

பேட்டரி ஒன்று 5000 எம்ஏஎச், மற்றது 5100. சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் நிரப்பும் வேகத்தில்தான். ரெட்மி 67 வாட்டில் ஏறும். முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய நிரம்பிவிடும். அதற்கான சார்ஜர் மகனுடைய பெட்டியிலேயே இருந்தது. ஏ55-க்கு 25 வாட்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டியில் கம்பி மட்டும்தான் இருந்தது, சார்ஜரைத் தனியாக வாங்கினேன். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

2022, 2023 வருஷங்களை யார் மறப்பார்கள்! கரண்ட் இருக்கும் இடைவெளியில் அரிசி வேக வேண்டும், துணி தோய வேண்டும், போன் ஏற வேண்டும். அந்த நாட்களில் 67 வாட் சார்ஜர் வைத்திருந்தவன் ராஜா. 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் நடுவில் சில நாள் திரும்ப வந்ததே, கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பும் தனிக் கணக்கு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கரண்ட் போனால் போன் டவரும் தன் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது தீர்ந்தால் உங்கள் போன் தூரத்து டவரைத் தேடித் தேடி, பலமாகக் கத்திக் கத்தித் தன் பேட்டரியைக் கரைக்கும். அது எந்தப் போனாக இருந்தாலும் அப்படித்தான். ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வைத்திருந்தால் வைஃபை காலிங் போட்டுவிட்டு ஏர்பிளேன் மோடில் விட்டுவிடலாம். நீங்கள் வாங்கும் மாடலுக்கு உங்கள் நெட்வொர்க் வைஃபை காலிங் தருகிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பால்குடம் தூக்கும்போது பால் சிந்தினால்? கடற்கரையில் விழுந்தால்?

ஏ55 ஐபி67. ரெட்மி ஐபி54. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசி உள்ளே போகவே போகாது. 5 என்றால் கொஞ்சம் போகலாம். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும். விபூதியும் மஞ்சள் தண்ணீரும் பறக்கிற இடத்தில் எது நல்லது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணீரில் செய்தவை. பாலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் யாரும் உத்தரவாதம் தரவில்லை. நம் ஊர் உப்புக் காற்று இரும்புக் கேட்டையே அரித்துவிடுகிறது, போன் எம்மாத்திரம். உப்புத் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயும் வரை சார்ஜ் போடாமல் வையுங்கள்.

மெமரி கார்டு போடலாமா?

ஏ55-இல் போடலாம், ரெட்மியில் முடியாது. கார்டு போட்டால் இரண்டாவது சிம்முக்கான இடம் போய்விடும். உங்கள் நெட்வொர்க் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) தந்தால் அந்தக் குறையும் தீரும். ரெட்மி வாங்கினால் தொடக்கத்திலேயே 256 ஜிபி வாங்கிவிடுங்கள்.

தமிழில் அடிக்க எது வசதி?

இரண்டும் ஒன்றே. கூகிளின் ஜிபோர்டு விசைப்பலகையைப் போட்டுத் தமிழைச் சேர்த்தால் இரண்டு வழி கிடைக்கும்: தமிழ் எழுத்துகளையே தட்டலாம், அல்லது ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும். நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது சுலபம், அதனாலேயே அவர்கள் எழுத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது டீச்சரின் புலம்பல். நாட்டின் அரசியல் சாசனம் தன் ஆறாம் பிரிவில் வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயரைச் சொல்கிறது. நாம் ‘வணக்கம்’ என்பதையாவது தமிழில் அடிக்கக் கூடாதா?

ரொக்கமாக வாங்கலாமா, கான்ட்ராக்ட் போடலாமா?

முடிந்தால் ரொக்கம். கான்ட்ராக்ட் என்றால் நெட்வொர்க் நிறுவனத்திடம் மாதத் தவணையில் வாங்குவது. அதில் மாதத் தொகை சிறிதாகத் தெரியும். 24-ஆல், சில இடத்தில் 36-ஆல் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். அதில் டேட்டாவும் சேர்ந்திருக்கும் என்பதையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். 36 மாதக் கடனுக்கு வாங்குவதாக இருந்தால் 36 மாதமும் மென்பொருள் வரும் போனாகப் பாருங்கள். போன் செத்த பிறகும் தவணை கட்டுவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யலாம், நியாயமான ஒரு தொகையைக் கேட்பார்கள்.

தெருக்கடையில் பாதி விலைக்குத் தருகிறார்களே?

நான் பட்டிருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் நகரத்தில் ஒரு கடையில் மலிவாக ஒன்று வாங்கினேன். பெட்டி, பிளாஸ்டிக் உறை எல்லாம் புதுசு. இரண்டாம் மாதம் மைக் போனது. சர்வீஸில் கொடுத்தால், இது இந்த நாட்டுக்கென்று வந்த போன் இல்லை, வாரன்டி செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். கடைக்காரர் முதலில் என்னைத் தெரியாதவர்போல நடந்துகொண்டார்.

அப்போது எனக்குத் தெரியாதது: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருள் பழுதானால் கடைக்காரரே பொறுப்பு. பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். நாமே கீழே போட்டு உடைத்தது இதில் சேராது. ரசீது இல்லாமல் வாங்கினால் அங்கே வாங்கியதை நிரூபிப்பதே கஷ்டம். இணையத்தில் வாங்கினால் காரணம் சொல்லாமலே ஏழு நாளுக்குள் திருப்பும் உரிமை உண்டு, அனுப்பும் செலவு நம்முடையது.

வாங்கியதும் *#06# என்று தட்டினால் வரும் போனின் அடையாள எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ரோபோட் என்று நாம் சொல்லும் சிக்னல் விளக்கில் கார் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பறித்துக்கொண்டு போனால், போலீஸ் வழக்கு எண்ணோடு அந்த எண்ணையும் கொடுத்துத்தான் போனை முடக்க முடியும். எண்ணைப் போனிலேயே சேமித்து வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், என் கணவர்தான்.

ஏ56 வந்துவிட்டதே, அதை வாங்கினால் என்ன?

வாங்கலாம். 2025 மார்ச்சில் வந்தது. 45 வாட்டில் ஏறும், மேம்படுத்தல் ஆறு வருஷம். ஆனால் மெமரி கார்டு இடத்தை எடுத்துவிட்டார்கள். விலை வித்தியாசம் சிறிதானால் ஏ56, பெரிதானால் ஏ55. இரண்டிலும் முக்கியக் கேமரா 50 மெகாபிக்சல்தான்.

சரி, கடைசியில் எதை வாங்க, டீச்சர்?

நான்கைந்து வருஷம் ஒரே போனை வைத்திருப்பவர், வங்கி வேலையைப் போனில் செய்பவர், பாரிட்ஜ் பிரேயர் என்று நாம் சொல்லும் கூழ் ஊற்றும் பூசையில் அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்று படம் எடுப்பவர்: ஏ55. பகலில் தூரத்துப் படம் எடுப்பவர், எப்போதும் அவசரத்தில் சார்ஜ் போடுபவர், இரண்டு வருஷத்தில் மாற்றிவிடுபவர்: ரெட்மி. என்னிடம் கேட்கும் பத்துப் பேரில் ஏழு பேருக்கு நான் ஏ55 என்றுதான் சொல்கிறேன். வாங்கும் முன் இரண்டையும் கடையில் கையில் பிடித்துப் பாருங்கள். கடையின் வெளிச்சத்தில் எல்லாப் படமும் அழகாகத்தான் வரும். மேசைக்கு அடியில் நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கடைப்பையன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

என் மாமியாருக்கு 78 வயது. அவருக்கு எது?

அவர் பழைய போனைக் கொண்டுவரச் சொன்னேன். பகலில் இரண்டு முறை அணைந்துபோகிறது, அவ்வளவுதான் குறை. பேட்டரியை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, பேரப்பிள்ளைகள் ஐந்து பேரின் முகத்தை முதல் பக்கத்தில் வைத்துக் கொடுத்தோம். மிச்சப் பணத்தில் அவர் பேச ஏர்டைம் ரீசார்ஜ் போட்டுக்கொடுங்கள் என்றேன். தினமும் எனக்கே மூன்று முறை கூப்பிடுகிறார்.